ஹென்றியெற்றா லெவிற் அம்மையார் (1868–1921)

அமெரிக்கரான ஹென்றியெற்றா லெவிற், செவிப்புலன் குன்றிவந்த நிலையிலும் ஹாவார்ட் வானாய்வகத்தில் மணிக்கு 30 சதம் ஊதியத்தில் பணிபுரிந்தார். அங்கு தொலைநோக்கி ஆண்களுக்கு; பெண்களுக்குக் கண்ணாடித் தட்டில் பதிந்த வான்படங்கள். ஓர் இரவின் படத்தை மற்றோர் இரவின் மறிநிலைப் படத்தின்மேல் பொருத்தி, பருமன் மாறிய புள்ளிகளைத் தேடி, 2,400க்கு மேற்பட்ட மாறொளி விண்மீன்களைக் கண்டார்.

சிறிய மகெல்லன் முகிலில், ஏறத்தாழ ஒரே தூரத்திலுள்ள 25 விண்மீன்களை ஒப்பிட்டு, ஒளி மிகுந்தவை ஆறுதலாகவே மங்கி ஒளிரும் என 1912இல் காட்டினார். அறிக்கையைத் தயாரித்தவர் லெவிற். ஒப்பமிட்டவர் பணிப்பாளர் பிக்கரிங். அவர் மறைந்த சில ஆண்டுகளில், அவ்விதியைக்கொண்டே அன்ரொமீடா எமது பால்வீதிக்கு அப்பாலுள்ளதென ஹபிள் அளந்தறிந்தார்.

அம்முகில் மார்கழி முன்னிரவில் நெடுங்கேணியின் தென் அடிவானத்திலும் தாழ நிற்கும். எம் பிள்ளைகளுக்கு லெவிற்றின் பெயரையும் சொல்லிவைப்போம்.