விரல் நுனியில் குலத்தைத் தேடியவர்

கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரலை மையில் ஒற்றிப் பத்திரத்தில் வைப்பார். கைநாட்டு என்றால் பலருக்கு இளக்காரம். ஆனால் செல்வந்தரான ஓர் ஆங்கிலேயர், ஊரார் கைநாட்டை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். திருடனைப் பிடிப்பது மட்டும் அவர் நோக்கமல்ல. மனிதனுடைய குலமும் அறிவும் விரல் ரேகையில் தெரியுமா என்று அறிய ஆசைப்பட்டார். அவர்தான் சர் பிரான்சிஸ் கால்ட்டன்.

1822ல் பர்மிங்ஹாம் அருகே பிறந்தார். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினுக்கும் அவருக்கும் தாத்தா ஒருவரே. முதலில் வைத்தியம் படித்தார். 1844ல் தகப்பனார் காலமாகிச் சொத்து கைக்கு வந்ததும் அதை விட்டுவிட்டார். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் சுற்றினார். பிறகு வானிலையை ஆராய்ந்தார். எதையும் அளக்காமல் அவரால் இருக்க முடியாது. 1884ல் லண்டன் கண்காட்சி ஒன்றில், தலைக்கு மூன்று பென்னி வாங்கிக்கொண்டு, வந்தவர்களின் உயரம், எடை, மூச்சு, கண் பார்வை எல்லாவற்றையும் அளந்தார். காசும் கொடுத்து அளக்கவும் நின்றவர்கள் 9,337 பேர்!

வங்காளத்துக் கை

1888ல், ஆளை அடையாளம் காணும் முறைகளைப் பற்றிப் பேசக் கால்ட்டனை அழைத்தார்கள். அப்போது அவருக்கு வில்லியம் ஹெர்ஷலின் ஞாபகம் வந்தது. ஹெர்ஷல் வங்காளத்தில் அதிகாரியாக இருந்தவர். சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட கோனாய் என்பவர் பிறகு பேச்சு மாறக்கூடாது என்று, 1858ல் ஒப்பந்தத்தின் மீது அவர் கை முழுவதையும் பதிய வைத்தவர். தம் விரல்களையும் பல வருஷங்கள் பதித்துப் பதித்துப் பார்த்திருந்தார். அவற்றைக் கால்ட்டனிடம் கொடுத்தார். வயது ஏறினாலும் ரேகை மாறுவதில்லை என்று கால்ட்டன் காட்டினார். இரண்டு ரேகைகள் ஒன்றாக இருக்க 6,400 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று கணக்கிட்டார்.

இதில் ஒரு மனக்கசப்பும் உண்டு. ஜப்பானில் வைத்தியம் பார்த்த ஹென்றி பால்ட்ஸ் என்பவர் 1880லேயே ரேகையைப் பற்றி டார்வினுக்கு எழுதினார். டார்வின் அதைக் கால்ட்டனுக்கு அனுப்பினார். கடிதம் கவனிப்பாரற்றுப் போயிற்று. தமக்குரிய பெருமை கிடைக்கவில்லை என்று பால்ட்ஸ் கடைசிவரை குறைப்பட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கிடைக்காத விடை

பல இனத்தாரின் ரேகைகளைக் கால்ட்டன் ஒப்பிட்டார். கல்லூரி மாணவர், பண்ணைக் கூலியாள், மனவளர்ச்சி குன்றியோர் ஆகியோரின் விரல்களையும் பார்த்தார். நம் பாட்டிமார் சங்கு, சக்கரம் என்பார்களே, அவை எல்லாரிடமும் இருந்தன. இனத்தையோ அறிவையோ காட்டும் ரேகை ஒன்றுகூட இல்லை. எதிர்பார்த்தது பொய்த்துவிட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. 1892ல் வெளியிட்ட புத்தகத்திலேயே எழுதிவிட்டார்.

ஆனால் விரல் சொன்ன பாடத்தை மனம் ஏற்கவில்லை. உயர்ந்தவர் பெருக வேண்டும், தாழ்ந்தவர் குறைய வேண்டும் என்ற கொள்கையை அவர் விடவே இல்லை. அவர் காலமான பிறகு, 1933ல் ஜெர்மனியில் அதே வழிச் சிந்தனை சட்டமாயிற்று. லட்சக்கணக்கானோரைப் பலவந்தமாகக் கருத்தடை செய்தார்கள். கால்ட்டனுக்கோ பிள்ளையே இல்லை.

ரேகையில் நோயின் தடயம் பிறகுதான் தெரிந்தது. தாய் வயிற்றில் மூன்று, நான்காம் மாதங்களில் ரேகை உருவாகிறது. அப்போது வளர்ச்சி தடம் மாறினால் ரேகையும் மாறலாம். 1930களில் அமெரிக்கரான ஹரால்ட் கம்மின்ஸ், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் ரேகை அமைப்பில் வித்தியாசம் கண்டார். உள்ளங்கையில் ஒரே குறுக்கு ரேகை அவர்களில் பலருக்கு உண்டு. நல்ல ஆரோக்கியமுள்ளவர் சிலருக்கும் அது உண்டு. ஆகவே குழந்தையின் கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீரிழிவு, ரத்தக் கொதிப்புக்கு விரலிலும் உதட்டு ரேகையிலும் அடையாளம் தேடிப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நீரிழிவைக் காட்டுவது ரத்தப் பரிசோதனைதான்.

1909ல் கால்ட்டனுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1911 ஜனவரி 17ல் காலமானார். 1892ல் வந்த அந்தப் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில், அவருடைய விரல் ரேகைகளே அச்சாகியிருக்கின்றன.