ஜேன் ஆஸ்டினும் ஒரு செங்கல் வீடும்



2000-ஆம் ஆண்டில் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கையாக நடித்த படம். பெரிய வீட்டில் வாழ்ந்த அம்மாவும் மகள்களும் ஒரு சாவுக்குப் பிறகு அந்த வீட்டை இழந்து, சென்னைக்கு வந்து திண்டாடுவார்கள். அந்தக் கதையின் வேர் 1811-ல் லண்டனில் அச்சான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' என்ற நாவலில் இருக்கிறது. எழுதியவர் ஜேன் ஆஸ்டின்.

உலகம் அவரைக் காதல் கதை எழுதியவர் என்று கொண்டாடுகிறது. அவர் முடித்த நாவல்கள் ஆறு. ஆறும் கல்யாணத்தில்தான் முடிகின்றன. ஆனால் கொஞ்சம் கவனித்துப் படித்தால், காதலுக்குப் பின்னால் ஒரு வீட்டுப் பிரச்சினை நிற்பது தெரியும். ஒன்றில் அப்பா இறந்தால் வீடு தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடும். இன்னொன்றில் கடன் முற்றி, பரம்பரை வீட்டை வாடகைக்கு விட வேண்டியிருக்கிறது. வேறொன்றில் விருந்தாளியாக வந்த பெண்ணை வீட்டுக்காரர் திடீரென்று வெளியே அனுப்பிவிடுகிறார். எல்லா வசதியும் உள்ள எம்மாவின் கதையில்கூட, நொடித்துப்போன ஒரு அம்மாவும் மகளும் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்தக் கவலை அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்துதான்.

பாதிரியார் வீட்டுப் பெண்

ஜேன் 1775 டிசம்பர் 16 அன்று தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், ஸ்டீவன்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது. ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். அக்கா கசாண்ட்ராதான் உயிர்த்தோழி. அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார். வருமானம் போதாததால் மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துப் பாடம் சொல்லித்தந்தார். வீட்டில் சுமார் 500 புத்தகங்கள் இருந்தன. பெண் பிள்ளை எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்ற தடை இல்லை. ஜேன் பள்ளிக்கூடம் போனது மிகக் கொஞ்ச காலம். அதிலும் ஒருமுறை காய்ச்சல் கண்டு உயிர் பிழைத்ததே பெரிது. 11 வயதில் வீடு திரும்பிய பிறகு வீடுதான் பள்ளி. அண்ணன்மார் களஞ்சியத்தில் நாடகம் போடுவார்கள். ஜேன் குடும்பத்தைச் சிரிக்கவைக்கக் குட்டிக் குட்டிக் கதைகள் எழுதி வாசித்துக் காட்டுவார். அவை மூன்று நோட்டுப் புத்தகங்களாக இன்றும் இருக்கின்றன.

அந்த வீட்டுக் கதைகளில் நம் ஊரும் உண்டு. ஜேனின் அத்தை பிலடெல்பியா, தாய் தந்தை இல்லாத ஏழைப் பெண். சொத்து இல்லாத பெண்ணுக்கு இங்கிலாந்தில் மாப்பிள்ளை கிடைப்பது கடினம். அதனால் 1752-ல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, 1753-ல் கடலூரில் ஹான்காக் என்ற கம்பெனி மருத்துவரை மணந்தார். அவர்களுடைய மகள் எலைசா கல்கத்தாவில் பிறந்தாள். பிரெஞ்சுப் பிரபு ஒருவரை மணந்தாள். பிரெஞ்சுப் புரட்சியில் அந்தக் கணவரின் தலை போனது. ஸ்டீவன்டன் நாடகங்களில் நடித்துக் கலகலப்பூட்டிய இந்த எலைசாவையே பின்னர் ஜேனின் அண்ணன் ஹென்றி மணந்துகொண்டார். வாழ வழியில்லாமல் முன்பின் தெரியாத ஒருவரைத் தேடிக் கடல் கடப்பது ஒரு பெண்ணுக்கு எப்படியிருக்கும் என்று ஜேன் யோசித்திருக்கிறார். 16 வயதில் எழுதத் தொடங்கிய ஒரு கதையில், மாப்பிள்ளை தேடி வங்காளத்துக்கு அனுப்பப்படும் ஏழைப் பெண் ஒருத்தி வருகிறாள்.

நழுவிய காதல், திரும்பி வந்த கையெழுத்துப் பிரதி

1795 கிறிஸ்துமஸ் விடுமுறையில் டாம் லெஃப்ராய் என்ற அயர்லாந்து இளைஞர் பக்கத்து ஊருக்கு வந்தார். சட்டம் படிக்க இருந்தவர். ஜேனுக்கு அப்போது 20 வயது. இரண்டு பேரும் நடன விருந்துகளில் ஆடினார்கள், பேசினார்கள், ஊரார் கவனிக்கும் அளவுக்குப் பழகினார்கள். பையனிடமும் பணமில்லை, பெண்ணிடமும் பணமில்லை. பையனின் உறவினர்கள் அவரைச் சீக்கிரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டாம் பிற்காலத்தில் அயர்லாந்தின் தலைமை நீதிபதி ஆனார்.

அதே 1796-ல் ஜேன் ஒரு நாவலை எழுத ஆரம்பித்து, அடுத்த ஆண்டு முடித்தார். 1797 நவம்பரில் அப்பா அதைப் பற்றி லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பதிப்பாளர் வாங்கிப் பார்க்கவே மறுத்துவிட்டார். அந்த நாவலைத்தான் இன்று உலகம் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' என்று படிக்கிறது. 25 வயது ஆவதற்கு முன்பே ஜேனின் கையில் மூன்று நாவல்களின் முதல் வடிவம் இருந்தது.

வீடில்லாத எட்டு ஆண்டுகள்

1800-ன் கடைசியில் அப்பா ஓய்வுபெற முடிவுசெய்தார். பாதிரியார் பதவியோடு சேர்ந்த வீடு அது. மூத்த அண்ணன் அங்கே குடிவந்தார். ஜேன் பிறந்து வளர்ந்த வீடு, புத்தகங்கள், பியானோ எல்லாம் ஒரே மூச்சில் கைவிட்டுப் போயின. செய்தியைக் கேட்டு அவர் மயங்கி விழுந்தார் என்று குடும்பத்தில் சொல்லிவந்தார்கள்.

1801-ல் பாத் நகரம். அங்கே ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்கள். 1803-ல் ஒரு நாவல் 10 பவுண்டுக்கு விலைபோனது. வாங்கிய பதிப்பாளர் அதை அச்சிடவே இல்லை. 1804-ல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். 1805 ஜனவரியில் அப்பா இறந்தார். அந்தக் கதை பாதியில் நின்றது, பிறகு தொடரவே இல்லை. அப்பாவோடு வருமானமும் போயிற்று. அண்ணன் தம்பிகள் சேர்ந்து கொடுத்த பணத்தில் அம்மாவும் இரண்டு மகள்களும் வாழ்ந்தார்கள். பிறகு சவுத்தாம்ப்டனில் கடற்படை அண்ணன் பிரான்சிஸின் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய 1801 முதல் 1809 வரை அவர் புதிதாக ஒரு நாவலையும் முடிக்கவில்லை.

நடுவில் ஒரு வாசல் திறந்தது. 1802 டிசம்பர் 2 அன்று, ஒரு பெரிய பண்ணையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் ஜேனைப் பெண் கேட்டார். அவருக்கு 21 வயது. ஜேனுக்கு 27 முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. சரி என்றால் சொந்த வீடு, அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. ஜேன் அன்று மாலை சரி என்றார். மறுநாள் காலை முடியாது என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். அன்பில்லாத கல்யாணம் அவரால் ஆகவில்லை. ஆனால் அப்படி மணந்தவர்களை அவர் பிற்காலத்தில் கேலி மட்டும் செய்து விட்டுவிடவில்லை. 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' நாவலில் தலைக்குமேல் ஒரு கூரைக்காகவே கழுத்தை நீட்டும் சார்லட்டுக்கு வயது 27. 'பர்சுவேஷன்' நாவலில் பழைய காதலை இழந்துவிட்டுத் தவிக்கும் ஆனுக்கும் வயது 27.

சாட்டன் வீட்டு மேசை

ஜேனின் அண்ணன்களில் எட்வர்ட் மட்டும் பணக்காரர். பிள்ளையில்லாத உறவினர்கள் அவரைச் சுவீகாரம் எடுத்துத் தங்கள் பண்ணைகளைக் கொடுத்திருந்தார்கள். அவர் 1809-ல் சாட்டன் என்ற ஊரில் தம் பண்ணையைச் சேர்ந்த ஒரு செங்கல் வீட்டை அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் விட்டுக்கொடுத்தார். குடும்பத் தோழி மார்த்தா லாயிடும் அங்கே வந்து சேர்ந்தார். நான்கு பெண்கள், ஒரு வீடு.

அந்த வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்தான் முக்கியம். காலையில் ஜேன் பியானோ வாசிப்பார். 9 மணிக்குக் காலை உணவு அவர் பொறுப்பு. தேயிலை, சர்க்கரைக் கணக்கும் அவருடையது. மற்ற வீட்டு நிர்வாகத்தைக் கசாண்ட்ராவும் மார்த்தாவும் பார்த்துக்கொண்டார்கள். தோட்டம் அம்மாவுடையது. மீதிப் பொழுது ஜேனுக்கு எழுத்து. ஜன்னலோரம் பன்னிரண்டு பட்டை கொண்ட சின்ன வால்நட் மேசை, அவ்வளவுதான். யாராவது வந்தால் கதவு கிறீச்சிடும், உடனே காகிதத்தை மறைத்துவிடலாம் என்பதால் அந்தக் கதவுக்கு எண்ணெய் போட வேண்டாம் என்று சொன்னாராம். இது அவருடைய அண்ணன் மகன் எழுதிவைத்த குடும்பக் கதை.

இளமையில் எழுதிய இரண்டு நாவல்களைத் திருத்தி 1811-லும் 1813-லும் வெளியிட்டார். முதல் புத்தகத்தில் பெயர் போடவில்லை, ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் இருந்தது. நஷ்டம் வந்தால் தம் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு அச்சிட்டதில் 140 பவுண்டு லாபம். 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' உரிமையை 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். பிறகு முற்றிலும் புதிதாக 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா', 'பர்சுவேஷன்'. எட்டு ஆண்டு வறட்சிக்குப் பிறகு, அதே எட்டு ஆண்டுக்குள் இத்தனையும்.

கதைக்கான பொருளைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. கடற்படையில் இருந்த தம்பி சார்லஸ், தம் பங்குப் பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகச் சிலுவை வாங்கி வந்தார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் கடற்படை அண்ணன் தங்கைக்கு ஒரு சிலுவை கொண்டுவருகிறான். இளவரசரின் நூலகர் ஒருவர் அரச குடும்பத்தைப் பற்றிச் சரித்திரக் காதல் கதை எழுதும்படி யோசனை சொன்னபோது, தம்மால் அது முடியாது என்று மரியாதையாக மறுத்தார். நாவல் எழுத ஆசைப்பட்ட அண்ணன் மகளுக்கு அவர் சொன்ன யோசனை, ஒரு கிராமத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தால் போதும் என்பது. நம் குடியிருப்பில் ஒரு மாடியிலேயே அத்தனை குடும்பம் இருக்கிறது!

கடைசி நாட்கள்

நிம்மதி முழுதாக நிலைக்கவில்லை. 1814-ல் எட்வர்டின் சாட்டன் பண்ணை மேல் வேறு உறவினர்கள் உரிமை கோரினார்கள். வழக்குத் தோற்றால் செங்கல் வீடும் போய்விடும். 1816-ல் ஹென்றியின் வங்கி திவாலானது. ஜேனின் உடம்பும் அந்த ஆண்டே தளர ஆரம்பித்தது. அந்த நிலையிலும், 'பர்சுவேஷன்' நாவலில் பிரிந்த காதலர்கள் மீண்டும் சேரும் இடம் மனசுக்குத் திருப்தியாக இல்லை என்று அதைப் புதிதாக எழுதினார். 1817 ஜனவரியில் இன்னொரு நாவலைத் தொடங்கி மார்ச் மாதம் பேனாவை வைத்துவிட்டார். சிகிச்சைக்காக வின்செஸ்டர் நகரத்துக்குப் போனார். 1817 ஜூலை 18 அன்று, 41 வயதில், அக்காவின் அருகில் உயிர் பிரிந்தது.

வின்செஸ்டர் பேராலயத்தில் அவர் கல்லறைக் கல்லில் குணநலன்கள் சொல்லப்பட்டிருக்கின்றன, நாவல்களைப் பற்றி நேராக ஒரு வார்த்தை இல்லை. அவர் பெயரை வாசகர்களுக்கு அச்சில் தெரிவித்தது ஹென்றி. அந்த ஆண்டு டிசம்பரில் கடைசி இரண்டு நாவல்களும் வெளிவந்தபோது முன்னுரையில் சொன்னார். அவற்றில் ஒன்று, 1803-ல் 10 பவுண்டுக்கு விற்று, பிறகு அதே 10 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கிய கதை. 2017-ல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 10 பவுண்டு நோட்டில் ஜேனின் படம் இருக்கிறது. சிலுவை வாங்கித் தந்த தம்பி சார்லஸ் கடற்படைத் தளபதியாகி, 1852-ல் பர்மாவில் இறந்து, திருகோணமலையில் அடக்கமானார்.

சாட்டன் வீடு தப்பித்தது. 1949 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது, அந்தச் சின்ன மேசையும் அங்கே இருக்கிறது. திறமை ஜேனுக்கு வாடகை வீடுகளிலும் இருந்தது. சாட்டனில் கூடுதலாகக் கிடைத்தது நிலையான ஒரு கூரையும், அடுப்படியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஓர் அக்காவும். நம் வீடுகளிலும் எழுதவோ வரையவோ பாடவோ நினைத்து, நேரமில்லை என்று தள்ளிப்போடும் ஒரு மருமகளோ, தாத்தாவோ, பத்தாம் வகுப்புப் பிள்ளையோ இருக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் அவர்களுடைய வேலையை நாம் எடுத்துக்கொண்டு பார்ப்போம். எழுதியதை அடுத்த இதழுக்கு அனுப்பிவையுங்கள்.