மகளின் நாட்குறிப்பைக் காத்த தந்தை

ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அதை உலகத்தின் கையில் கொடுத்த அவள் தந்தையைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓட்டோ ஃபிராங்க் 1889-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் சேர்ந்து லெப்டினன்ட் ஆனார். 1925-இல் எடித் அம்மையாரை மணந்தார். 1926-இல் மார்கோட்டும் 1929-இல் ஆனும் பிறந்தனர். எந்த நாட்டுக்காகப் போர்முனையில் நின்றாரோ, அதே நாட்டில் 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதருக்கு வாழ வழியில்லாமற் போயிற்று. ஓட்டோ ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று, ஜாம் செய்ய உதவும் பெக்டின் வியாபாரம் நடத்தினார். 1940-இல் ஜெர்மானியர் அங்கும் வந்துவிட்டனர். அமெரிக்கா செல்ல அவர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை.

1942 ஜூலை 5-ஆம் நாள், பதினாறே வயதான மார்கோட்டை வேலை முகாமுக்கு அழைத்து ஆணை வந்தது. மறுநாளே குடும்பம் அவருடைய அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. அங்கே எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். பகலில் உரக்கப் பேசவும் முடியாது. அந்த நிலையிலும் ஓட்டோ பிள்ளைகளின் படிப்பை நிறுத்தவில்லை. தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் வளர வளர அவர்கள் உயரம் சுவரில் பென்சிலால் குறிக்கப்பட்டது. ஆன் மட்டும் அங்கே 13 சென்டிமீட்டர் வளர்ந்தாள்! அவள் தன் நாட்குறிப்பைத் தந்தையின் தோல்பெட்டியில் வைத்திருந்தாள். இரவில் அது அவர் படுக்கையருகே இருக்கும். திறந்து பார்ப்பதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், பார்க்கவுமில்லை.

1944 ஆகஸ்டு 4-ஆம் நாள் அனைவரும் கைதாயினர். ஆஷ்விட்ஸ் முகாமில் ஆண்களும் பெண்களும் பிரிக்கப்பட்டனர். 1945 ஜனவரி 27-இல் ரஷ்யப் படை அம்முகாமை மீட்டபோது ஓட்டோ எலும்பும் தோலுமாக உயிரோடிருந்தார். ஊர் திரும்பும் வழியிலேயே மனைவி இறந்த செய்தி கிடைத்தது. பெண்களாவது வருவார்கள் என்று காத்திருந்தார். அவர்களும் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டதை ஜூலையில் அறிந்தார்.

அன்று அவருடைய அலுவலகத்தில் வேலை செய்த மீப் கீஸ், தாம் படிக்காமல் பாதுகாத்து வைத்திருந்த ஆனின் தாள்களை அவரிடம் ஒப்படைத்தார். படிக்கப் படிக்க, தம் மகளின் உள்ளம் இவ்வளவு ஆழமானது என்பதைத் தாம் அறியாதிருந்ததை அவர் உணர்ந்தார். வெளியிடுவதா என்று வெகுவாகத் தயங்கினார். ஆனால் எழுத்தாளராக வேண்டும் என்பது ஆனின் ஆசையல்லவா? 1947 ஜூன் 25-இல் நூல் வெளிவந்தது. தாயைப் பற்றி அவள் கோபத்தில் எழுதிய சில பகுதிகளை அவர் நீக்கியிருந்தார். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. மூவரையும் பறிகொடுத்த ஒருவர் அப்படிச் செய்ததை நாம் குறையாகக் கொள்ளவில்லை. அப்பகுதிகள் பிற்காலப் பதிப்புகளில் சேர்க்கப்பட்டன.

1953-இல் ஃபிரிட்சி என்ற பெண்மணியை மணந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். அவரும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர்; கணவரையும் மகனையும் இழந்தவர். ஃபிரிட்சியின் மகள் ஏவாவுக்கு மூன்று பெண்கள் பிறந்தனர். ஓட்டோ அவர்களுக்குச் சொந்தத் தாத்தாவாகவே இருந்தார். உலகெங்குமிருந்து இளம் பெண்கள், தங்கள் வீட்டுக் கவலைகளைக்கூட, அவருக்கு எழுதினர். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து அக்கடிதங்களுக்குப் பதில் எழுதினார்கள்.

1980 ஆகஸ்டு 19-ஆம் நாள், தமது 91-ஆம் வயதில் ஓட்டோ காலமானார். மகளின் கையெழுத்துப் பிரதிகளை அவர் ஹாலந்து நாட்டுக்கு உயில் எழுதி வைத்திருந்தார்.