பியர் ஆலை தந்த புள்ளியியல்

வீட்டிலேயே பழச்சுவை கொண்ட பியர் தயாரிப்பது மேலை நாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. அதில் புதிதாக இறங்கும் ஒருவர், ராஸ்பெர்ரி சேர்த்து மூன்று முறையும் சேர்க்காமல் மூன்று முறையும் காய்ச்சுகிறார் என்று கொள்வோம். பழம் சேர்த்தவை விரைவில் நொதித்து முடிந்ததாகத் தோன்றுகிறது. அது பழத்தின் விளைவா, தற்செயலா? ஆறே கலன்களைக் கொண்டு எதையேனும் உறுதியாகக் கூற இயலுமா? இத்தகைய கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே வழிகண்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பியர் ஆலை ஊழியர்.

வில்லியம் சீலி காஸெட் 1876இல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்று, 1899இல் அயர்லாந்தின் டப்ளினில் உள்ள கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். எந்த பார்லி ரகம் சிறந்தது, ஹாப்ஸ் பூவில் பிசின் எவ்வளவு என்பவை அங்கு பெரும்பணம் சார்ந்த கேள்விகள். ஆனால், ஒரு பருவத்தில் சில வயல்களில் மட்டுமே சோதித்துப் பார்க்க முடியும். அன்றைய புள்ளியியலோ, ஏராளமான அளவீடுகள் இருந்தால்தான் பயன்படும் என்ற நிலையில் இருந்தது.

1906இல் லண்டன் சென்ற காஸெட், கார்ல் பியர்சனின் ஆய்வகத்தில் ஓராண்டு இச்சிக்கலை ஆராய்ந்தார். 3,000 குற்றவாளிகளின் உயரம், நடுவிரல் நீளம் ஆகியவற்றை அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளாக்கித் தம் கணக்கைச் சரிபார்த்தார். 1908இல் கட்டுரை வெளியானது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை இசையாததால், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். மாணவன் என்று தம்மை அழைத்துக்கொண்டவரின் டி-சோதனையைத்தான் உலகெங்கும் ஆசிரியர்கள் இன்று கற்பிக்கின்றனர்.

பொருளாதாரம் கற்பித்த காலத்தில் நானும் அதைப் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சூத்திரம் மாணவர்களின் நினைவில் தங்கிவிடும். அதை உருவாக்கியவரின் கவலை பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. எவ்வளவு உறுதி தேவை என்பது, அந்த முடிவால் வரும் ஆதாயத்தையும் சோதனைக்கு ஆகும் செலவையும் பொறுத்தது என்று அவர் கருதினார். பின்னாளில் ரொனால்ட் ஃபிஷர் அக்கணக்குக்கு முறையான நிரூபணம் தந்து பரப்பினார். இருபதில் ஒன்று என்ற எல்லைக்கோடும் அவர் வழியாகவே வழக்கமாயிற்று. அறிவுலகில் பகைவர்களாக விளங்கிய பியர்சன், ஃபிஷர் இருவருடனும் காஸெட் நட்பைப் பேணினார். ஆயினும், வயல் சோதனைகளை வடிவமைக்கும் முறையில் ஃபிஷருடன் கடைசிவரை முரண்பட்டார்.

காஸெட் ஆலையை விட்டு விலகவேயில்லை. 1935இல் லண்டனில் அமைந்த புதிய கின்னஸ் ஆலையின் பொறுப்பை ஏற்றார். 1937 அக்டோபரில், தம் 61ஆம் வயதில் மறைந்தார்.

இன்று ஒரு நலத்திட்டத்தையோ மருந்தையோ பாராட்டும் அறிக்கைகள், அதன் விளைவு புள்ளியியல் நோக்கில் முக்கியமானது என்று கூறி நின்றுவிடுகின்றன. அச்சொல் தற்செயலுக்கு வாய்ப்புக் குறைவு என்பதை மட்டுமே குறிக்கிறது. பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு, கணிப்புப் பொய்த்தால் இழப்பு யாருக்கு என்பதை அது கூறுவதில்லை. காஸெட் ஆலையில் கேட்ட இக்கேள்விகளை, மக்கள் பணத்தைச் செலவிடும் அரசும் ஒவ்வொரு அறிக்கையிடமும் கேட்க வேண்டும்.