பட்டிப்பளை ஆற்றை மறித்தவர்

கல்முனையிலிருந்து சம்மாந்துறை வழியாக மேற்கே செல்லும் அன்பர்கள் இருமருங்கும் விரிந்து கிடக்கும் நெல்வயல்களைக் காண்பர். மாரியில் அவை விளைவது இயல்பு. கோடையிலும் அவ்வட்டைகளிற் கதிர் தலைசாய்க்கின்றதென்றால், அதற்குக் காரணம் இங்கினியாகலையில் அணைகட்டித் தேக்கிய நீராகும். அந்நீர்த்தேக்கம் சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயர் பெற்றது. அப்பெயருக்குரியவரை நம்மூர் முதியோர் நன்றியும் மனத்தாங்கலும் கலந்தே நினைப்பர். இரண்டிற்கும் காரணமுண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

டொன் ஸ்டீபன் சேனநாயக்கா 1884 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மீரிகமையை அடுத்த போத்தலையிற் பிறந்தார். தந்தையார் காரீயச் சுரங்கங்களாற் பொருளீட்டியவர். சென் தோமஸ் கல்லூரியிற் பயின்ற மகனைப் புத்தகங்கள் அதிகம் கவர்ந்ததாகத் தெரியவில்லை. நில அளவைத் திணைக்களத்திற் சிறிது காலம் எழுதுவினைஞராயிருந்துவிட்டுத் தோட்டங்களையும் சுரங்கங்களையும் பார்க்கப் போய்விட்டார். காட்டு ஜோன் என்று அவரைக் கேலி செய்தோருமுண்டு. ஆனால் அந்தக் காட்டுப் பழக்கமே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபட்டிருந்த அவரை 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது ஆங்கில அரசு சிறையிலிட்டது. 1924 இற் சட்டசபை புகுந்தார். 1931 இல் அரசாங்க சபையில் விவசாய, காணி அமைச்சராகிப் பதினைந்து ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார்.

அக்காலத்தில் இந்நாடு தேயிலையையும் இறப்பரையும் விற்று, உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மா முதலிய நாடுகளிலிருந்து வாங்கிற்று. நிலமில்லாத குடியானவர் ஒருபுறம். மலேரியாவுக்கு அஞ்சி எவரும் நாடாத வரண்ட நிலமும் உடைந்த குளங்களும் மறுபுறம். இவ்விரண்டையும் இணைப்பதே சேனநாயக்காவின் வாழ்நாள் வேலையாயிற்று. மின்னேரியாவிற் குடியேற்றம் தொடங்கிற்று. 1935 இற் காணி அபிவிருத்திச் சட்டம் வந்தது. அதன்படி காணி பெற்றவர் அதனை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கடனுக்கு வயலை இழந்த குடும்பங்களை அறிந்தோர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். எனினும், அதே விதியால் அவசரத்துக்குக் கடன் பெற வழியின்றித் தவித்தோருமுண்டு.

1942 இற் பர்மா யப்பானியர் வசமானது. அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீடு வந்தது, மரவள்ளியும் கிழங்குவகையும் சோற்றின் இடத்தைப் பிடித்த அக்காலத்தைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அடுத்த ஆண்டே வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தனர். உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நாடு சுதந்திரம் பெற்றும் என்ன பயன் என்ற எண்ணம் அமைச்சர் மனத்தில் ஆழப் பதிந்தது.

1947 இல் அவர் முதற் பிரதமரானார். 1948 இல் நாடு சுதந்திரம் பெற்றது. மலையகத் தோட்டங்களில் உழைத்த நம்மவருட் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் அதே ஆண்டில் அவர் ஆட்சியிலேயே பிறந்தது. அதனை மறைத்து அவர் வரலாற்றை எழுத நமக்கு மனமில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். பட்டிப்பளை ஆறு மாரியிற் பெருக்கெடுத்து வயல்களை மூடும்; கோடையில் வற்றிப்போகும். போடிமாராயினும் குத்தகைக்காரராயினும் வானத்தையே நோக்கியிருந்தனர். 1949 இற் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்குத் திட்டம் அதற்கு முன்மாதிரி. மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பெனி அணையைக் கட்டிற்று. தீவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அவ்வாறு உருவாயிற்று. பழைய கரையோர வயல்களுக்குச் சிறுபோக நீரும், காடு வெட்டிய புதுநிலங்களுக்கு இருபோக நீரும் அதிலிருந்து வரவேண்டுமென்பது திட்டம்.

அதன் முழுப்பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1952 மார்ச் 21 ஆம் நாட்காலை காலிமுகத்திடலிற் குதிரையேறிச் செல்கையில் நோயுற்று வீழ்ந்து, மறுநாள் காலமானார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை பல. புதுக் குடியேற்றங்களிற் பெரும்பாலும் வெளிமாவட்டச் சிங்களக் குடும்பங்களே அமர்த்தப்பட்டன. 1956 இற் கல்லோயாவில் தமிழர் இரத்தம் சிந்தப்பட்டது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நிலத்தைப் பெருக்குவதில் அவர் காட்டிய ஊக்கத்தை ஏக்கருக்கு விளைச்சலைப் பெருக்குவதிற் காட்டினாரல்லர் என்பது நமது துணிபு. எச்-4 போன்ற புதிய நெல்லினம் 1958 இலேயே வந்தது. வாய்க்கால்நீர் கடைவயலை எட்டுகின்றதா என்று பார்ப்பார் அதற்குப் பின்னரும் இலர். இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியிற் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் நம்மவர். தண்ணீரோ தலையிலேயே தீர்ந்துவிடும்.

1980 களின் தொடக்கத்தில், குளத்தில் நீர் குறைந்திருந்த காலத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அவ்வாய்க்கால்களில் விவசாயிகளைக் குழுக்களாக ஒன்றுசேர்த்தன. அவர்களே வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைத் தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் கீழேயுள்ள தமிழ் விவசாயிகளுக்கு விட்டுக்கொடுத்ததும் நிகழ்ந்தது. அணை கட்டி முப்பது ஆண்டுகள் சென்றபின் பட்டிப்பளை நீர் அவ்வாறு கடைவயலை எட்டிற்று.