மலைக்குள் நடந்த ஆசிரியை

மலை என்றதும் அதன் முடியையே நாம் முதலில் நோக்குகிறோம். உச்சியில் கொடி நாட்டியவர்களின் பெயர்களே ஏடுகளில் நிலைபெறுகின்றன. அவ்வரிசையில் சேராதவர் ஸ்காட்லாந்து நாட்டு எழுத்தாளர் நேன் ஷெப்பர்டு அம்மையார். மலைமீது ஏறுவதினும் மலைக்குள் செல்வதே அவர் நாடியது.

அபர்டீன் நகரையடுத்த ஈஸ்ட் பீட்டர்கல்ட்டர் என்னும் ஊரில் 1893-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அவர் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே குடும்பம் அருகிலுள்ள கல்ட்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் அங்கு ஒரே இல்லத்திலேயே அவர் வாழ்ந்தார், மணம் புரிந்துகொள்ளவில்லை. 1915-இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அந்நகரின் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கினார். 1956 வரை 41 ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். இடையில் 1928 முதல் 1933 வரை மூன்று புதினங்களும், 1934-இல் ஒரு கவிதைத் தொகுதியும் வெளிவந்தன.

அவருடைய உள்ளம் நாடிய இடம் கெய்ர்ன்கார்ம் மலைத்தொடர். கருங்கல்லால் ஆகிய பரந்த மேட்டுநிலம் அது. அங்குள்ள பென் மக்டூயி 1309 மீட்டர் உயர்ந்து, பிரிட்டனின் இரண்டாம் பெருஞ்சிகரமாக நிற்கிறது. ப்ரேரியாக் மலையின் மேற்பரப்பில் ஊற்றெடுக்கும் டீ ஆறு, கல்ட்ஸ் ஊரைக் கடந்து அபர்டீனில் கடலோடு கலக்கிறது. தம் ஊரின் ஓரம் ஓடும் நீரின் தோற்றுவாயைக் காணவும் அம்மையார் மலையேறினார். வெறுங்காலுடன் நடப்பார், மேட்டுநிலத்தில் படுத்துறங்கி விழிப்பார், குனிந்து கால்களினிடையே மலையைத் தலைகீழாகவும் பார்ப்பார். அறியாதார் இதனை விளையாட்டென்பர். பழகிய கண்ணைப் புதிதாக்கும் பயிற்சி அது என்பது நூலைக் கற்பார்க்கு விளங்கும்.

அந்நூல்தான் ‘உயிருள்ள மலை’ என்று நாம் பெயர்க்கத்தக்க சிறு உரைநடை நூல். நீர், பனி, ஒளி, செடிகொடி, விலங்கு, மனிதர், உறக்கம், புலன்கள் எனப் பன்னிரண்டு இயல்களில் அது விரிகிறது. இரண்டாம் உலகப்போரின் இறுதியாண்டுகளில் எழுதப்பெற்றது. நண்பரும் புதின ஆசிரியருமான நீல் கன் படித்துப் பாராட்டினார். ஆயினும் பதிப்பகம் ஒன்று பணிவான மடலுடன் திருப்பி அனுப்பியது. அம்மையாரோ கைப்படியை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டார். ஒரு மறுப்புக்கே இத்துணை அடங்கியிருத்தல் வேண்டுமோ என்று நமக்குத் தோன்றுகிறது. முப்பதாண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. 1977-இல், அவர்தம் 84-ஆம் அகவையில், அபர்டீன் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. நான்கு ஆண்டுகளில், 1981 பிப்ரவரி 27-ஆம் நாள், அவர் மறைந்தார்.

பெரும்புகழ் பின்னரே வந்தது. 2011-இல் வெளிவந்த புதுப்பதிப்பு அந்நூலைப் பல நாட்டாரிடமும் கொண்டு சேர்த்தது. 2016-இல் ஸ்காட்லாந்து அரச வங்கி தன் ஐந்து பவுண்டுத் தாளில் அவர் உருவைப் பொறித்தது. அப்படத்தில் நெற்றியைச் சுற்றி அணிமணி பதித்த பட்டையொன்று காணப்படும். இளவரசியின் அணிகலனோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது இளமையில் புகைப்பட நிலையத்தில் அவர் விளையாட்டாக எடுத்துக் கட்டிக்கொண்ட படச்சுருள் துண்டு.