கல்வெட்டைப் படம் பிடித்த கேப்டன்

1858-ஆம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் பட்டாளத்துக் கேப்டன். ஆனால் சண்டைக்கு வரவில்லை. போட்டோ எடுக்க வந்திருந்தார்!

விமானத்தின் அடிச்சுவரைச் சுற்றிச் சோழர் காலத் தமிழ் எழுத்துக்கள் உள்ளன அல்லவா? அவற்றைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார். 21 படங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி!

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் 1822-ல் பிறந்தார். பெற்றோருக்கு 12 பிள்ளைகள். இவர் 9-வது பிள்ளை. 1838-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து, தென்னாட்டுக்கு வந்தார்.

பிறகு விடுமுறையில் ஊருக்குப் போனார். அங்கே போட்டோக் கலையைக் கற்றார். அப்போது அது புத்தம் புதிய வித்தை. திரும்பி வந்ததும் பேளூர், ஹளபேடு கோயில்களைப் படம் எடுத்தார். 1855-ல் சென்னைக் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

அதே ஆண்டு பர்மா மன்னர் மிண்டோனிடம் ஆங்கிலத் தூது கோஷ்டி புறப்பட்டது. படம் எடுக்க டிரைப்பும் போனார். மழையும் நோயும் அவரைப் படுத்தின. அப்படியும் 200-க்கு மேல் படங்களுடன் திரும்பினார்.

மெழுகுக் காகிதம்

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. காகிதத்தில் மெழுகு ஏற்றி, மருந்தில் தோய்த்து, அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். படம் விழப் பல நிமிஷங்கள் ஆகும். நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார். டிரைப் எடுத்த தெருக்களில் ஆள் நடமாட்டமே தெரியாததற்கு இதுதான் காரணம்.

நீல வானமும் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மீது தூரிகையால் மேகத்தைத் தீட்டினார்! ஆகவே, அவர் படத்தில் உள்ள மேகம் எல்லாம் உண்மை மேகம் என்று நம்பிவிடக் கூடாது.

1856-ல் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி மலைக்கோட்டை, மதுரையில் திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு ஆகிய இடங்களை எல்லாம் படம் பிடித்தார். சாலை, மரம், பாறை எதையும் விடவில்லை.

மியூசியத்துக் கற்கள்

பயணம் சென்னையில் முடிந்தது. அங்கே இன்னொரு வேலை காத்திருந்தது. ஆந்திராவில் அமராவதி என்ற ஊரில் பழைய பௌத்த ஸ்தூபம் ஒன்று இருந்தது. அதன் சிற்பங்களை 1845-ல் வால்ட்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டி எடுத்தார். அவை சென்னைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பிறகு எழும்பூர் மியூசியத்துக்குச் சேர்ந்தன.

1858-ல் டிரைப் அவற்றைக் கல் கல்லாகப் படம் எடுத்தார். சரியான நேரத்தில் செய்தார் என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட கற்கள் கப்பலேறி லண்டன் போய்விட்டன!

வந்தது தடை

1859-ல் சார்லஸ் டிரெவெல்யன் சென்னைக் கவர்னராக வந்தார். சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கஜானா வறண்டிருந்தது. போட்டோ எடுப்பது ஆடம்பரச் செலவு என்று கவர்னருக்குப் பட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டார். ராஜதானி முழுவதையும் படம் எடுக்க வந்தவர், சில ஜில்லாக்களோடு நின்றுபோனார்.

செலவுக் கணக்குப் பார்த்தால் கவர்னர் செய்ததைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை ஊர்களின் பழைய கோலம் படமாகாமலே போயிற்று!

டிரைப்புக்கு மனம் விட்டுப் போயிற்றோ என்னவோ, அதன் பிறகு அவர் அதிகமாகப் படம் எடுக்கவில்லை. பட்டாள வேலைக்குத் திரும்பினார். ஓய்வு பெற்றதும் டெவன்போர்ட்டுக்கே போய்விட்டார். சிப்பி, பவளம் சேர்த்துப் பொழுது போக்கினார். 1902 மார்ச் 2-ந் தேதி காலமானார்.

அவர் இறந்து 112 ஆண்டுகள் கழித்து, 2014-ல் வாஷிங்டன் நகரில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். பிறகு அது நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போயிற்று. கப்பலேறாமல் தங்கிய அமராவதிக் கற்களோ, எழும்பூர் மியூசியத்திலேயே இருக்கின்றன.